பதுளையிலிருந்து திருச்சி எவ்வளவு தூரம்?

பதுளை நகரத்துக்கும் திருச்சிராப்பள்ளிக்கும் இடையே வரைபடத்தில் நேர்கோடு இழுத்தால் ஏறத்தாழ 490 கி.மீ. வரும். கொழும்பை அடுத்த கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து அளந்தால் 420 கி.மீ. இந்த 420 கி.மீ.யை விமானம் ஒரு மணி நேரத்தில் கடந்துவிடுகிறது. பதுளையிலோ வழக்கமான பயணிகள் விமானச் சேவை கிடையாது. பதுளைப் பக்கத்துப் பசறையிலிருந்தோ லுணுகலையிலிருந்தோ கிளம்புகிறவர் முதலில் மலையிறங்கிக் கட்டுநாயக்க சேரவேண்டும். பதுளையிலிருந்து கொழும்புக்குப் பஸ்ஸில் ஆறேழு மணி நேரம். ரயிலில் 290 கி.மீ., ஒன்பது பத்து மணி நேரம். விமான நிலையத்தில் மூன்று மணி நேரம் முன்னதாக நிற்கவேண்டும். எல்லாம் சேர்த்தால் வீட்டுக்கும் திருச்சி மண்ணுக்கும் நடுவே 12 மணி நேரம் போய்விடும். 490-ஐ 12-ஆல் வகுத்தால் மணிக்குச் சுமார் 40 கி.மீ. பெயர்தான் விமானப் பயணம். வேகம் மலைப்பாதை பஸ்ஸின் வேகம்.

ஆக, ஒரே இரண்டு ஊர்களுக்கு நடுவே குறைந்தது மூன்று அளவுகள் இருக்கின்றன: காகம் பறக்கும் தூரம், கால் நடக்கும் தூரம், கடிகாரம் காட்டும் தூரம். மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. இதைக் கண்ணால் பார்க்க, பதுளை அமைந்த ஊவா மாகாணத்திலேயே ஓர் இடம் உண்டு. 1924-இல் பதுளையை எட்டிய ரயில் பாதையில், எல்லவுக்குப் பிறகு தெமோதரை நிலையம் வருகிறது. கொழும்பிலிருந்து வரும் ரயில் அந்த நிலையத்தை விட்டுக் கிளம்பி, குன்றை ஒரு சுற்றுச் சுற்றி, சற்று முன் நின்ற அதே நிலையத்தின் அடியிலுள்ள சுரங்கத்துக்குள் நுழைகிறது. இத்தனை ஓட்டத்துக்குப் பிறகும் வரைபடத்தில் ரயில் இருந்த இடத்திலேயே இருக்கிறது. சுமார் 30 மீட்டர் கீழே இறங்கியிருக்கிறது, அவ்வளவே. பயணிக்கு நேரம் போயிருக்கிறது, பாதையும் போயிருக்கிறது. தூரம் போனதா என்பதற்கு விடை, தூரம் என்று எதைச் சொல்கிறோம் என்பதைப் பொறுத்தது.

தூரம் நிலத்தில் இருக்கிறதா, போகிறவரிடம் இருக்கிறதா என்பது பழைய மெய்யியல் கேள்வி. சமயங்களுக்கு அது வெறும் கேள்வியோடு நிற்பதில்லை. யாருக்குத் தீட்டு, யார் தொழுகையைச் சுருக்கலாம், எந்தத் தெய்வத்துக்கு எங்கே படையல் போடுவது என்பதெல்லாம் தூரத்தைப் பொறுத்தவை. பயண நேரம் நாள்களிலிருந்து மணிகளாகச் சுருங்கிய பிறகு அந்த விதிகள் என்ன ஆகின்றன என்பதைப் பார்க்க, ஊவாத் தேயிலைத் தோட்டங்களைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. இங்குள்ள தமிழரில் பெரும்பாலோரின் முன்னோர் திருச்சி, புதுக்கோட்டை, தஞ்சாவூர், மதுரை, இராமநாதபுரம், சேலம் பக்கங்களிலிருந்து வந்தவர்கள். அவர்களுக்கு இந்த 490 கி.மீ. வெறும் கணக்கு அல்ல.

அந்த வருகையின் முதற்கட்டம் கால்நடை. 19ஆம் நூற்றாண்டில் தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கியவர்கள் காட்டுவழியே 200 கி.மீ.க்கு மேல் நடந்து மாத்தளையை அடைந்தார்கள். ஊவாவுக்கு விதிக்கப்பட்டவர்களுக்கு அதற்குப் பிறகும் பல நாள் ஏற்றம் இருந்தது. வாந்திபேதியில் வழியிலேயே செத்தவர்கள் பலர். 1904-இல் ஆள்சேர்ப்பை மேற்பார்வையிட இலங்கைத் தொழிலாளர் ஆணையகம் திருச்சியில் அமைந்தது. 1914-இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியது. தோட்டத்தின் எண் பொறித்த தகர டிக்கட்டைக் கழுத்தில் கட்டிக்கொண்டு வந்தவர்கள் அநேகம் பேர். எழுதப் படிக்கத் தெரியாதவரையும் அந்தத் தகரம் உரிய தோட்டத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்த பின் கப்பல் இராமேசுவரத்துக்கு மாறி, 1984 வரை ஓடியது. நாள் கணக்கு ஒரு நூற்றாண்டுக்குள் மணிக் கணக்காகிவிட்டது.

இந்திய மெய்யியலில் தூரத்தைப் பற்றி மிகவும் கறாராகப் பேசியவர்கள் வைசேடிகர்கள். அவர்களுடைய பாகுபாட்டைச் சுருக்கிச் சொல்லும் தருக்கசங்கிரகத்தைச் சிவஞான முனிவர் தமிழாக்கியிருப்பதால், தமிழில் படித்தவர்களுக்கு இது அந்நியமான சரக்கு அல்ல. அதில் பொருள்கள் ஒன்பது; காலமும் திக்கும் அவற்றுள் அடங்கும். இரண்டும் ஒவ்வொன்றே, எங்கும் நிறைந்தவை, அழியாதவை. குணங்கள் இருபத்து நான்கு. அவற்றுள் பரத்துவம், அபரத்துவம் என்று இரண்டு. முதலாவது தொலைவாயிருத்தல், மற்றது அண்மையாயிருத்தல். இவை திக்கால் வருவன, காலத்தால் வருவன என்று மேலும் இரண்டிரண்டாகும். காலத்தால் தொலைவானவர் வயதில் மூத்தவர்; அண்மையானவர் இளையவர்.

இதில் கவனிக்கவேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. தொலைவு என்ற குணம் பொருளில்தான் தோன்றுகிறது. ஆனால் யாரோ ஒருவர் ஓரிடத்தில் நின்று, இது அதைவிடத் தள்ளி இருக்கிறது என்று ஒப்பிட்டு அறியும்போதுதான் தோன்றுகிறது. தனக்கும் அந்தப் பொருளுக்கும் நடுவே உள்ள இணைப்புகள் கூடுதலாக இருப்பதை அறிவு எண்ணுகிறது. அதனால் தொலைவு பிறக்கிறது. அந்த ஒப்பீட்டறிவு நீங்கினால் தொலைவும் நீங்குகிறது. நிலம் மட்டும் இருந்தால் தூரம் இல்லை. நினைப்பு மட்டும் இருந்தாலும் இல்லை. நடுவே இருப்பவற்றை ஒருவர் எண்ணவேண்டும். விமானத்தில் போகிறவர் ஒரு மேகத்தையும் ஒரு கடலையும் எண்ணுகிறார். நடந்து வந்த அவருடைய பூட்டன் ஒவ்வொரு மடத்தையும், ஒவ்வொரு தண்ணீர்த்துறையையும், புதைத்துவிட்டு வந்த ஒவ்வொரு ஆளையும் எண்ணினார். வைசேடிகக் கணக்கில் இருவரும் கடந்த தொலைவு ஒன்றாகாது. இந்த விடயத்தில் வைசேடிகர் பக்கமே நியாயம் அதிகம் எனலாம்.

சட்டமாக வரும்போது இப்படி ஆளுக்கொரு தூரம் என்று விட்டுவிட முடியாது. இஸ்லாமியச் சட்டம் இதை நேரடியாகவே எதிர்கொண்டது. பயணி நான்கு ரக்அத் தொழுகைகளை இரண்டாகச் சுருக்கலாம். ரமழான் நோன்பைத் தள்ளிவைத்துப் பிறகு பிடிக்கலாம். எவ்வளவு தூரம் போனால் ஒருவர் பயணி? ஹனபி வழி, நடையாகவோ ஒட்டகத்திலோ மூன்று நாள் செல்லும் தொலைவைச் சொல்கிறது. இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபி வழி, சுமை ஏற்றிய விலங்கு இரண்டு நாள் போகும் தொலைவை, அதாவது 48 பழைய மைல்களைச் சொல்கிறது. இன்றைய கணக்கில் அதை 80 முதல் 90 கி.மீ. வரை பலவாறு மதிப்பிடுகிறார்கள்.

இரண்டு நாள் தொலைவு இரண்டு மணி நேரமாகிவிட்டால் சலுகை போய்விடுமா என்ற கேள்வி விமானம் வந்த பிறகு பிறந்தது என்று நினைக்கத் தோன்றும். அது தவறு. 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இமாம் நவவி, தம் மின்ஹாஜ் நூலில் கடலும் தரையைப் போன்றதே என்கிறார். அந்த மைல்களை ஒருவர் கடலில் ஒரே மணி நேரத்தில் கடந்தாலும் சுருக்கித் தொழலாம் என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார். ஆக, பயணத்தின் இடர் சலுகைக்குக் காரணமாகச் சொல்லப்பட்டாலும், சலுகையை அளக்கும் கோல் தூரம்தான். களைப்பு ஆளுக்கு ஆள் வேறுபடும், மைல் வேறுபடாது. பதுளையிலிருந்து நாகூர் தர்காவுக்குப் போகிறவர் கடலைக் கடக்க எடுக்கும் அந்த ஒரு மணி நேரத்துக்கு, 700 ஆண்டுகளுக்கு முன்பே விடை எழுதிவைத்தாயிற்று.

அதே நூலில் இன்னொரு விதி இருக்கிறது. ஊவாவுக்கு அது மிகவும் பொருந்தும். ஓர் ஊருக்கு இரண்டு வழிகள் உண்டு, ஒன்று குறுகியது, ஒன்று நீண்டது என்று வைத்துக்கொண்டால், நீண்ட வழியைப் பாதுகாப்புக்காகவோ வசதிக்காகவோ எடுத்தவர் சலுகை பெறுவார். சலுகைக்காகவே சுற்றிப் போனவர் பெறமாட்டார். பதுளையிலிருந்து வெலிமடை வழியாக நுவரெலியாவுக்குச் சாலையில் 60 கி.மீ.க்கும் குறைவு. ரயிலில் பண்டாரவளை, அப்புத்தளை வழியாக, நுவரெலியாவுக்கான நிலையமான நானுஓயா வரை சுமார் 85 கி.மீ. பஸ்ஸில் போனவர் பயணி ஆகமாட்டார். ரயிலில் போனவர் ஏறத்தாழ எல்லையில் நிற்கிறார். இரண்டு பேரும் போய்ச் சேரும் மலை ஒன்றுதான். அளவுகோலைத் தரையில் நட்டுவிட்டு, அதைப் பயன்படுத்தும் உரிமையை மட்டும் மனத்தின் நோக்கத்தோடு கட்டிவைத்தது, சட்ட நுட்பத்தில் நேர்த்தியான வேலை.

இந்துச் சடங்கு நூல்கள் தூரத்தை வேறொரு வாசல் வழியாகப் பார்த்தன: சாவுச் செய்தி. உறவினர் வேற்றூரில் இறந்தால் தீட்டு எப்போது தொடங்குகிறது? மனுதர்ம நூலின்படி பத்து நாளுக்குள் கேள்விப்பட்டால் மிச்சமுள்ள நாள்கள் மட்டும் தீட்டு. பத்து நாள் கழிந்து கேட்டால் மூன்று இரவு. ஓராண்டு கழிந்து கேட்டால் குளித்தால் போதும். பெற்றோர் விடயத்தில் மட்டும் பிற்கால நூல்கள் விலக்குச் சொல்கின்றன: மகன் எவ்வளவு தூரத்தில் இருந்தாலும், எப்போது கேட்டாலும், கேட்ட நாளிலிருந்து பத்து நாள் முழுமையாகக் காக்கவேண்டும்.

தேசாந்தரம், அதாவது வேற்றுநாடு, எது என்பதற்கு அந்த நூல்களில் பல விளக்கங்கள் உண்டு. பெரிய ஆறோ மலையோ குறுக்கிட்டால் வேற்றுநாடு. பேச்சு மாறினால் வேற்றுநாடு. இத்தனை யோசனைக்கு அப்பால் என்றால் வேற்றுநாடு, அதிலும் அறுபது, நாற்பது, முப்பது என்று கருத்து வேறுபாடு. எல்லாவற்றிலும் கூர்மையான விளக்கம் ஒன்று இருக்கிறது: பத்து இரவுக்குள் செய்தி வந்து சேராத இடம் எதுவோ அதுவே வேற்றுநாடு. இங்கே தூரம் என்பது செய்தி வரும் வேகம். கடலைப் பார்த்தால் பதுளைக்குத் திருச்சி வேற்றுநாடு. பேச்சைப் பார்த்தால் ஒரே நாடு. செய்தியைப் பார்த்தால் காலத்துக்குக் காலம் மாறும்.

இந்த நூல்கள் தோட்டத் தொழிலாளரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை அல்ல என்பதையும் சொல்லியாகவேண்டும். தோட்டங்களுக்கு வந்தவர்களில் பெரும்பங்கினரான பறையர், பள்ளர், சக்கிலியர் சாதியினரை அந்த நூல்கள் தம் வாசகராகவே கருதவில்லை. ஆனாலும் சிக்கல் அவர்களுக்கும் இருந்தது, இன்னும் கடுமையாக இருந்தது. 1964-இல் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் இந்திய வம்சாவளித் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கு பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரின் பங்கீடு 1974-இல் முடிந்தது. அண்ணன் கூடலூர்த் தேயிலைக் காட்டிலும் தம்பி மடூல்சீமையிலுமாகக் குடும்பங்கள் பிரிந்தன. அக்கரையிலிருந்து வரும் எழவுக் கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வந்து, பிறகு தொழிலாளரின் வரிசை வீடான லயத்துக்கு வரவேண்டும். அது வந்து சேரும்போது அங்கே பதினாறாம் நாள் கருமாதியே முடிந்திருக்கும். இங்கே ஒரு முழுக்கு, ஒரு படையல், தப்புக் கொட்டாத ஒரு துக்கம். தெரியாத நாள்களுக்குக் கடமை இல்லை என்பதே வழக்கத்தின் ஏற்பாடு.

இப்போது கைப்பேசியில் செய்தி உடனே வருகிறது. உடல் எடுப்பதையே நேரலையில் பார்க்கிறார்கள். இதன் விளைவு பலரும் எதிர்பார்ப்பதற்கு நேர்மாறானது. வசதி கூடினால் சடங்கு குறையும் என்பார்கள். தீட்டு விடயத்தில் செய்தியின் வேகம் கடமையைக் கூட்டியிருக்கிறது. மூன்று இரவில் முடிந்தது இன்று முழு நாளும் காக்கவேண்டியதாகிறது. வெள்ளிக்கிழமை மாலையில் இறந்தவரின் முகத்தை ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்க விமானம் இருக்கிறது என்றானபின், போகாதவர் ஏன் போகவில்லை என்ற கேள்விக்குப் பதில் சொல்லவேண்டியிருக்கிறது. முன்பு தூரம் பதில் சொன்னது. இப்போது பணமோ விசாவோ பதில் சொல்கிறது. அதை உறவினர் அவ்வளவு எளிதில் ஏற்பதில்லை.

தெய்வத்துக்கும் தூரம் உண்டா என்பது அடுத்த கேள்வி. குலதெய்வம் ஊரோடு ஒட்டியது. குலத்தார் ஊரை விட்டால் என்ன செய்வது? தமிழகத்து வழக்கம் இதற்கு வைத்திருக்கும் விடை பிடிமண். மூலக்கோயிலில் ஒரு பிடி மண் எடுத்துத் துணியில் முடிந்து கொண்டுபோய், புதிய இடத்தில் வைத்துக் கோயில் எழுப்பினால் தெய்வம் அங்கும் குடியிருக்கும். தோட்டங்களில் மாரியம்மனும் முனியாண்டியும் கருப்பண்ணசாமியும் மாடசாமியும் முதலில் மரத்தடிக் கல்லாகவும் சூலமாகவும் நின்றவர்கள்தான். பிறகு இங்கேயே பிறந்த தெய்வங்களும் சேர்ந்தன. தேயிலைத் தொழிற்சாலையின் சக்கரத்துக்குக் காவலாக ரோதைமுனி வந்தார். கவ்வாத்து வெட்டும் காலத்துக்குக் கவ்வாத்துச்சாமி வந்தார். இவர்களுக்குத் திருச்சிப் பக்கத்தில் மூலக்கோயிலே கிடையாது. மூலம் அக்கரையில் இருக்கும் தெய்வத்துக்குத்தான் தூரம் என்பது பொருள்படும். ரோதைமுனிக்குத் தூரமே இல்லை.

சைவ சித்தாந்தத்தின் நிலை தெளிவானது. முப்பத்தாறு தத்துவங்களில் காலம் வித்தியாதத்துவத்தைச் சேர்ந்தது, மாயையில் தோன்றியது; ஆகாயம் அதனினும் கீழே, பூதங்களில் ஒன்று. இறைவன் இரண்டுக்கும் அப்பாற்பட்டவன். அப்படியானால் அவனுக்கு அருகில் போவது, தூரப் போவது என்ற பேச்சுக்கே இடமில்லை. அதனால் கோயில் தேவையில்லை என்று சித்தாந்தம் முடிக்கவில்லை என்பதுதான் அதன் சிறப்பு. சிவஞானபோதத்தின் பன்னிரண்டாம் சூத்திரம், ஞானம் பெற்றவரும் அடியாரையும் ஆலயத்தையும் அரனாகவே கண்டு வழிபடவேண்டும் என்கிறது. இறைவனுக்கு இடமில்லை, உடம்புள்ளவருக்கு இடம் வேண்டும்.

மாம்பழக் கதையும் இந்தக் கேள்வியைத்தான் கேட்கிறது. உலகை வலம்வர முருகன் மயிலேறினான். விநாயகர் தாய் தந்தையைச் சுற்றிப் பழத்தை வாங்கிக்கொண்டார். மூத்தவரின் புத்தியைப் புகழ்வதற்கே இது வழக்கமாகச் சொல்லப்படுகிறது. ஆனால் கணக்கை முடிவு வரை பார்க்கவேண்டும். நெடுந்தூரம் போய்த் தோற்றவனுக்குத்தான் மலைகளும் காவடிகளும் பாதயாத்திரைகளும் வாய்த்தன. அவற்றில் ஒன்று ஊவா மாகாணத்திலேயே, மொனராகலை மாவட்டத்தில் இருக்கிறது. கதிர்காமத்துக்கு யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலிருந்து கிழக்குக் கரையோரமாக ஒன்றரை மாதம் அளவில் நடந்து, உகந்தையைக் கடந்து, காட்டுவழியே அடியார்கள் வந்து சேர்கிறார்கள். அதே திருவிழாவுக்குப் பதுளையிலிருந்து பஸ்ஸில் காலையில் ஏறிப் பகலில் இறங்குகிறவர்களும் இருக்கிறார்கள். திரைக்குப் பின்னால் இருக்கும் கந்தன் இருவருக்கும் ஒரே அளவுதான் தெரிகிறான், அதாவது தெரிவதில்லை. பஸ்ஸில் வந்தவரின் வழிபாடு குறைந்தது என்று எந்த நூலும் சொல்லவில்லை. நேர்த்திக்கடன் நடை என்றால் மட்டும் நடந்தாகவேண்டும். அங்கே காணிக்கையே தூரம்தான், அதைச் சுருக்கினால் கொடுப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது.

ஊவாவுக்குப் பறந்து வந்தவர்களின் கதைகள் வேறு உண்டு. இராவணனின் விமானம் மகியங்கனைப் பக்கத்தில் இறங்கியது என்று சுற்றுலாக்காரர்கள் சொல்வதை அவர்களிடமே விட்டுவிடலாம். மகாவம்சம் சொல்வது கவனத்துக்குரியது. ஞானம் பெற்ற ஒன்பதாம் மாதத்தில் புத்தர் வான்வழியே மகியங்கனைக்கு வந்தார்; அங்கிருந்த இயக்கர்களுக்காகக் கிரிதீபம் என்ற தீவை அருகில் வரச்செய்து, அவர்களை அதில் ஏற்றி, மறுபடி அதன் பழைய இடத்துக்கே போகச்செய்தார். பயணிகள் அசையவில்லை, சேரவேண்டிய இடம் வந்து போயிற்று. பதுளையின் முத்தியங்கன விகாரையும் புத்தரின் வருகையோடு தொடர்புபடுத்தப்படும் தலம்.

5ஆம் நூற்றாண்டில் அனுராதபுரத்தில் புத்தகோசர் எழுதிய விசுத்திமக்கம், சித்திகளைப் பற்றிய அத்தியாயத்தில் இதை ஒரு பாடமாகவே நடத்துகிறது. தொலைவை அண்மையாக்குவது எப்படி என்று விளக்கியபின், போகும் முறை இரண்டு என்கிறது. ஒன்றில் மனம் உடம்பின் வேகத்துக்கு இறங்கி வருகிறது. உடம்பு பிறர் கண்ணுக்குத் தெரிய மெதுவாகப் போகிறது. மற்றதில் உடம்பு மனத்தின் வேகத்துக்கு ஏறுகிறது. கண்ணுக்குத் தெரியாமல் நொடியில் போய்விடுகிறது. சித்தர்களுக்குச் சொன்னது என்றாலும் இந்தப் பாகுபாடு சாதாரணப் பயணத்துக்கும் வெளிச்சம் தருகிறது. பாதயாத்திரை முதல் வகை. விமானமோ இரண்டிலும் சேராது: உடம்பு வேகமாகப் போகிறது, மனம் லயத்தில் விட்டுவந்த பிள்ளையிடமே நிற்கிறது.

வேகத்துக்கு எல்லை வைக்கும் கதை ரோகிதஸ்ஸன் கதை. சங்யுத்த, அங்குத்தர நிகாயங்கள் இரண்டிலும் அது இருக்கிறது. வானில் நடக்கவல்ல அந்த முனிவன், வில்லாளி விட்ட அம்பு பனைமர நிழலைக் கடக்கும் வேகம் உடையவன். கீழைக்கடலிலிருந்து மேலைக்கடல் வரை அவனுக்கு ஓர் எட்டு. உலகத்தின் விளிம்பைக் காணப் புறப்பட்டு, உண்பதற்கும் உறங்குவதற்கும் நின்ற நேரம் போக நூறாண்டு போனான். காணாமலே வழியில் செத்தான். மறுபிறவியில் வந்து கேட்டவனிடம் புத்தர் சொன்ன விடையின் சாரம் இது: நடந்து அந்த விளிம்பை எட்ட முடியாது, எட்டாமல் துன்பத்துக்கு முடிவும் கிடையாது, அந்த உலகமும் அதன் முடிவும் இந்த ஒரு பாக நீள உடம்புக்குள்ளேயே இருக்கின்றன. வேகத்தைக் கூட்டுவதால் தீரும் தூரம் ஒன்று, தீராத தூரம் ஒன்று என்று இங்கே பிரிகிறது. இன்றைய விமானக் கம்பெனிகள் விற்பது முதலாவதை மட்டுமே.

இவற்றில் எதிலும் அடங்காத ஒரு தூரத்தை ஊவாத் தமிழர் ஐம்பது ஆண்டுக்கு மேல் கண்டார்கள். 1948-இன் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. கடவுச்சீட்டு இல்லாதவருக்குத் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு இருந்த சுமார் 35 கி.மீ., எந்த வேகத்தாலும் கடக்க முடியாத தொலைவு. எஞ்சியிருந்தவர்களுக்கு 2003-இன் 35ஆம் இலக்கச் சட்டம்தான் குடியுரிமை தந்தது. வைசேடிகர் எண்ணச் சொன்ன இடையிணைப்புகளில் குடிவரவு மேசை இல்லை. நவவியின் மைல்களிலும் இல்லை. 2021-இல் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டதை வைத்துப் பார்த்தால், விமானச் சீட்டின் விலையைக் கொழுந்து பறிக்கும் நாள்களாக மாற்றிச் சொல்வதே இங்கு நேர்மையான பயண நேரக் கணக்கு. ஒரு மணி நேரம் என்பது சீட்டு வாங்கியவருக்கு மட்டும் உரியது.

கடைசியாகக் கடிகாரம். இலங்கை 1996-இல் தன் நேரத்தை முன்னகர்த்தி, 2006 ஏப்ரலில் மறுபடி இந்திய நேரத்துக்கே திரும்பியது. ஆகவே பதுளையிலும் திருச்சியிலும் இப்போது மணி ஒன்று. சூரியன் மட்டும் ஒன்று அல்ல. சடங்குக் காலம் சூரியனைப் பார்க்கிறது, கடிகாரத்தை அல்ல. நோன்பாளி விமானத்தில் பறந்தால் கீழேயுள்ள ஊரின் மணியைப் பார்த்து நோன்பு திறக்கமுடியாது. 35,000 அடி உயரத்தில் தரையில் மறைந்த சூரியன் இன்னும் சுமார் 12 நிமிடம் கண்ணுக்குத் தெரிகிறது, அது மறையும்வரை அவர் காத்திருக்கவேண்டும் என்பதே அறிஞர்கள் பரவலாகச் சொல்லும் தீர்ப்பு. இராகுகாலமும் அப்படியே: உதயம் முதல் அத்தமனம் வரையான பகலை எட்டாகப் பிரித்து வருவது. நாட்காட்டிகளில் அச்சாகும் ஏழரை, ஒன்பது, பத்தரை எல்லாம் ஆறு மணிக்கு உதயம் என்று வைத்த பொதுக்கணக்கு.

பதுளை திருச்சிக்குக் கிழக்கே இரண்டே கால் பாகைக்குச் சற்று மேல் தள்ளி இருக்கிறது. அதனால் இங்கே சூரியன் சராசரியாக ஒன்பது நிமிடம் முந்துகிறது. தெற்கிலும் இருப்பதால் இந்த வேறுபாடு மாதத்துக்கு மாதம் மாறும். இங்குள்ள நமுனுகுல மலை சூரியனை மறைப்பதைப் பஞ்சாங்கம் கணக்கில் எடுப்பதில்லை, சமதள அடிவானத்தையே கொள்கிறது. திருச்சிக்குக் கணித்த பஞ்சாங்கத்தைப் பதுளையில் வைத்துப் பார்ப்பவர்கள் உதயத்தை மார்கழித் தொடக்கத்தில் சுமார் 16 நிமிடம் முன்னே தள்ளிக்கொள்ளவேண்டும். ஆனித் தொடக்கத்தில் மூன்று நிமிடம் போதும்.